முழங்கால் நேர்த்தி

"அம்மாளாச்சி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளணை" என்று அம்மன் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இராசேஸ்வரி நேர்த்திக் காசு முடிச்சை ஆணியிலிருந்து கழற்றினாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

நயினாதீவு அம்மனுக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து, எட்டு மாதமாகப் படத்துக்குப் பின்னால் தொங்கிய காசு. புங்குடுதீவில் கள்ளன்கூட அதில் கை வைக்கமாட்டான்.

அதற்காகத்தானே அவள் அதை அங்கே தொங்கவிட்டது! நேர்த்தியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அவ்வளவும் மார்கழி விடுமுறைச் செலவுக்குச் சேர்த்த காசு.

ஒவ்வொரு மார்கழியும் பள்ளிக்கூடம் விட்டதும் வவுனியாவிலிருந்து தங்கச்சி மனோகரி குடும்பத்தோடு வந்து இறங்குவாள். ஆறு பேர், பொங்கல் முடிந்துதான் போவார்கள். போன முறை இரண்டாம் வாரமே சீனி முடிந்துவிட்டது. மனோகரி தானே கடைக்குப் போய் இரண்டு கிலோ வாங்கிவந்து, குசினிக்குள் அடுப்படியில் வைத்தாள். அந்த வெட்கம் இராசேஸ்வரிக்கு இன்னும் போகவில்லை.

சேர்ப்பது பெரிய காரியமில்லை, முட்டை வித்த காசு இருக்கிறது. புருசனிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. தம்பிஐயா கூட்டுறவுச் சங்கக்கடையில் ஊருக்கெல்லாம் அரிசி நிறுக்கிறவர். கையில் ஐந்து ரூபா இருந்தால் பொழுதுபட முதல் அதை முடித்தாக வேண்டும். அரிசிப் பானைக்குள் ஒளித்தாள், எடுத்தார். தலையணைக்குள் ஒளித்தாள், அதையும் எடுத்தார்.

கடைசியில் சித்திரை மாதம் அவருடைய முழங்கால் நோதான் கை கொடுத்தது.

"இஞ்சருங்கோ, உங்கட முழங்கால் நோ மாறிச் சுகம் வரவேணுமெண்டு அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். முடிச்சிலை கை வைச்சியளோ, மற்றக் காலும் போயிடும், சொல்லிப்போட்டன்!"

மனிசன் வெலவெலத்துப் போனார். அன்று தொடக்கம் விடிய எழும்பிக் குளித்து, படத்துக்கு முன்னால் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்று கும்பிட்டார். ஆவணிக்குப் பிறகு கதிரையை விட்டுவிட்டு நிலத்தில் விழுந்தே கும்பிட்டார். இடைக்கிடை பேனை வேறு கேட்பார்.

"என்னத்துக்குப் பேனை?"

"அம்மாளாச்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதவேணும். நீர் உம்மட வேலையைப் பாரும்."

எழுதின துண்டை முடிச்சுக்குள் செருகிவிடுவார். எழுதினால் எழுதட்டும், என்ன குறைந்துபோகிறது என்று அவளும் விட்டுவிட்டாள். முட்டைக் காசை அவள் முடிச்சை அவிழ்க்காமல் ஓரத்தால் செருகுவாள்; முடிச்சும் மாதாமாதம் கொழுத்துக்கொண்டுதான் வந்தது.

இப்போது மனோகரியின் கடிதம் வந்திருந்தது. 'றோட்டு ஒழுங்காயிருந்தால் வெள்ளிக்கிழமை அங்கே நிற்போம்.' இன்று புதன். முடிச்சுக்குள் எழுநூறு ரூபா. அரை மூட்டை அரிசி, ஐந்து கிலோ சீனி, பயறு, பிள்ளைகளுக்குப் பொங்கல் உடுப்பு என்று மனதுக்குள் எத்தனையோ தரம் பிரித்துப் பார்த்த காசு.

முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே ஒரு சதம் இல்லை. அத்தனையும் சங்கக்கடைப் பில் துண்டுகள், பின்பக்கத்தில் தம்பிஐயாவின் கையெழுத்து.

'அம்மாளாச்சிக்கு, கைமாத்து ரூபா ஐம்பது. கூட்டாளிமார் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் படம் போடுகினம், என்ரை பங்கு. பொங்கலுக்கு முதல் தருவன். இப்படிக்கு, தம்பிஐயா.'

'கைமாத்து ரூபா முப்பது. சேவல் ஒண்டு, நல்ல சாதி.'

'கைமாத்து ரூபா நூறு. காரணம் கேளாதையணை.'

இராசேஸ்வரி மஞ்சள் துணியை உதறி உதறிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது. குறிகட்டுவான் துறை மட்டும் சைக்கிள் உழக்கிப்போய், லோஞ்ச் படகில் ஏறி நயினாதீவுக்குப் போய்த் திரும்பிய தம்பிஐயா, நெற்றி நிறையத் திருநீற்றோடு மூன்று படியையும் ஒரே பாய்ச்சலில் தாண்டி உள்ளே வந்தார்.

"இராசேஸ், இண்டைக்குத்தான் எனக்கு நிம்மதி! சங்கக்கடையிலை போனஸ் தந்தவங்கள். அம்மாளாச்சியிட்டைப் பட்ட கடன் எழுநூறையும் கோயில் உண்டியலிலை போட்டிட்டன். வட்டியெண்டு மேலாலை அம்பது!"

"ஐயோ, பாவி மனிசா!" இராசேஸ்வரி குளறியபடி நிலத்தில் குந்திவிட்டாள். "அது மனோகரியாக்கள் வரேக்கை செலவழிக்கச் சேர்த்த காசு! உங்களுக்கு ஒளிக்கத்தான் நேர்த்தியெண்டு பொய் சொன்னனான். இனி அவள் வந்து திரும்பவும் சீனி வாங்கப் போறாள், நான் எந்த முகத்தோடை நிக்கிறது?"

தம்பிஐயாவின் வாய் திறந்தபடி நின்றது. "அப்ப நேர்த்தி வைக்கேல்லையோ?"

"இல்லை!"

"அம்மாளாச்சிக்கு ஒரு சதமும் குடுக்க வேண்டியதில்லையோ?"

"இல்லையெண்டுறன்! நேர்த்தி இல்லாத காசு எங்கட காசு. இப்பவே போய் ஐயரிட்டைச் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ!"

"அதுவும் சரிதான்" என்று தம்பிஐயா திரும்பினார். இரண்டு படி இறங்கினவர் அப்படியே நின்றார். காலைத் தூக்கி, ஒரு தரம் நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"இஞ்சேரும்… அப்ப இந்த முழங்கால் நோ எப்பிடி மாறினது?"