கால் அளக்கும் மெஷின்

"அக்கா, கால் அளவெடுத்துச் செருப்பு செய்யுற இந்த மெஷின் தேறாது. விட்டுடலாம்," என்றார் மேனேஜர்.

"இன்னும் ஒரு மாசம்," என்றாள் முதலாளி.

"உனக்கு வீம்பு," என்று கணவனும் கடிந்துகொண்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை, எதிர்க்கடையில் அதே மாதிரி மூன்று மெஷின்கள் வந்து இறங்கின. அந்தக் கடைக்காரன் அவளுடைய பழைய கூட்டாளி. அவள் வரைந்த டிசைன்களைத் திருடிக்கொண்டு போய்க் கடை போட்டவன்.

"நம்ம மெஷினைக் கழட்டிடுங்க," என்றாள்.

"பயந்துட்டீங்களாக்கா?"

"இது ஓடாதுன்னு முதல் வாரமே தெரியும். இதையும் அவன் திருடட்டும்னுதான் காத்திருந்தேன். என் நாத்தனார் குடும்பத்தைத் தினமும் செருப்பு வாங்க வந்தவங்க மாதிரி வாசல்ல வரிசையா நிக்க வச்சது எதுக்குன்னு நினைச்சீங்க?"

எதிரே அவன், கடையை அடமானம் வைத்து வாங்கிய மெஷின்களைப் பெருமையோடு துடைத்துக்கொண்டிருந்தான்.