பொன்னுரங்கத்தின் பங்கு

பொன்னுரங்கத்துக்குச் சர்க்கரை வியாதி. எந்நேரமும் தாகம் என்று சொம்பும் கையுமாகவே இருந்தார். டாக்டர் சில வாரங்களுக்குச் சோற்றை அடியோடு நிறுத்தி, வேளைக்கு ஒரு கிண்ணம் சூப் மட்டும் குடிக்கச் சொன்னார்.

அவர் மனைவிக்கோ உலையில் அரிசியைக் குறைக்க மனம் வரவில்லை. அவர் பங்குச் சோறு மொத்தமும் மொட்டைமாடிச் சுவரில் காகத்துக்குப் போனது.

"மனுஷன் பட்டினி கிடக்கிறான், பாவம்" என்றது காகம், நெய்ச் சோற்றை விழுங்கியபடி.

"டாக்டர் பார்த்துத்தானே குறைச்சிருக்கார்" என்றது அணில். "நீயும் கொஞ்சம் மிச்சம் வையேன்."

"வீட்டம்மா ஆசையா வைக்கிறாங்க. வேண்டாம்னா மனசு கஷ்டப்படாதா?"

வாரங்கள் போயின. பொன்னுரங்கத்துக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் போட்டுக்கொண்டார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதென்று டாக்டர் மாத்திரையையும் நிறுத்தினார். ஒரு நாள் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க அவர் மூச்சு வாங்காமல் மாடியேறி வந்தார்.

காகம் பறந்து விலகவில்லை. தத்தித் தத்தி வாளியருகே போய்த் தண்ணீர் குடித்தது. நிமிர்ந்து மூச்சு விட்டுவிட்டு மறுபடி குடித்தது.

"காலையிலிருந்து இது எத்தனாவது தடவை?" என்று கேட்டது அணில்.

"என்ன வெயில், என்ன வெயில்!" என்றது காகம்.

வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது.