வெளிச்சம் வரலை

முதலில் தப்புச் செய்தது தம்பிதான். இதை அண்ணனான பெரியவர் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கம்ப்யூட்டர் சர்வர்களை அடுக்கி வைத்த கூடத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தம்பி இரண்டு ஒயர்களுக்கு அடையாளச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டான். சீட்டை நம்பிப் பெரியவர் பிடுங்கினார். ஒரு வரிசை சர்வர் மொத்தமும் வெளித்தொடர்பு அறுந்து நின்றது. பிடுங்கினது யார் என்று மேனேஜர் கேட்டபோது தம்பி கையை நீட்டினான்.

"அவர்தான் சார்."

அண்ணன்தான் என்று சொல்லிக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கூடப் பிறந்தவனை 'அவர்' ஆக்கிவிட்டானே.

அதற்கப்புறம் தம்பியை எதிர்க் கட்டடத்து சர்வர் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டிலும் போக்குவரத்து நின்றது. இரண்டு பேருடைய மனைவிகள் மட்டும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். புருஷனைத் திட்டுவதற்கு அதைவிட நல்ல துணை எங்கே கிடைக்கும்?

மன்னிப்பெல்லாம் பெரியவர் கேட்கவில்லை. அவன் வாயால் ஒரு தடவை 'அண்ணா' என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

வேலை மட்டும் விடவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே புதிதாக ஃபைபர் கேபிள், அதாவது வெளிச்சம் ஓடும் கண்ணாடி இழை, இழுத்தால், இந்த முனையில் இவர் விளக்குப் பேனாவால் சிவப்பு வெளிச்சம் அடிக்க வேண்டும். அந்த முனையை அவன் உள்ளங்கைக்கு நேரே பிடித்து, சிவப்புப் பொட்டு விழுந்ததும் போனில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சர்வர்களை அதில் மாட்டலாம். அரை நிமிட வேலை.

அரை நிமிடத்தில் அது முடிந்ததே இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான். அடிச்சாச்சு, பாரு என்றார் பெரியவர். வரலை என்றான் தம்பி. முனையைத் துடைக்கச் சொன்னார். துடைத்தான். வரலை. வேறு இழையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயா, சரியாகப் பார் என்றார். பார்த்தான். வரலை.

இன்ஜினியர் பெண் சர்வர் அலமாரிகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். சர்வர்களை வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருப்பவள்.

"இன்னுமா முடியலை?"

பெரியவர் போனைப் பொத்திக்கொண்டார்.

"நான் என்னம்மா பண்றது? உலகத்துல இருக்கிறதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியும். நான் அடிக்கிற வெளிச்சம் மட்டும் தெரியாது."

"வேணும்னே பண்றாரா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே பாக்குறீங்க."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஆளால்தான் எல்லா இணைப்பும் இழுத்தடிக்கிறது, இன்றைக்கே மேனேஜரிடம் பேசி அந்தப் பக்கம் வேறு ஆளைப் போடச் சொல்கிறேன் என்றாள்.

பழி தீர்க்க இவ்வளவு சுலபமான வழி இதுவரை வாய்த்ததில்லை. தலையை ஆட்டினால் போதும். ஏனோ பெரியவரின் தலை ஆடவில்லை.

"வேண்டாம்மா. அவனே இருக்கட்டும்."

"உங்களைத்தானே இந்தப் பாடு படுத்துறார்?"

"படுத்தட்டும். புது ஆளுன்னா அந்தக் கூடம் பழகவே மாசக்கணக்காகும்."

என்ன மனுஷர் என்பதுபோல அவரை ஒரு பார்வை பார்த்தாள். சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

தம்பியின் மூக்கு அடைத்திருந்தது. அந்தக் குளிர்க் கூடம் சின்ன வயதிலிருந்தே சளி பிடிக்கும் உடம்புக்கு ஆகாது. மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கலாம். கேட்டால் இறங்கி வந்ததாகிவிடும்.

"இருக்கேன். மறுபடி அடிக்கிறேன், பாரு."

"வரலை. சரியாத்தான் அடிக்கிறீங்களா..."

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வார்த்தைக்கு இடம் இருந்தது. பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

தும்மல்தான் வந்தது.

தூரத்தில் இன்ஜினியர் பெண்ணின் செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இனிமேல் இழுக்க முடியாது. பெரியவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு விளக்குப் பேனாவை வெளியே எடுத்து, அன்றைக்கு முதல் தடவையாக அதன் பொத்தானை அழுத்தினார்.