கடைசி வரிசைக் காவலர்

"இது வேணாம் வாண்டா. கோட்டுக்குள்ள வெச்சா வெளியே புடைச்சுக்கிட்டு நிக்குது."

துப்பாக்கிக் கடைக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார் ஹார்லன்.

"புடைக்கிறது துப்பாக்கி இல்லண்ணே," என்றாள் கடைக்காரி வாண்டா.

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓக்லஹோமாவின் அந்தச் சின்ன ஊரில் டிராக்டர் விற்று ஓய்ந்தவர்; இப்போது ஊர் மீன்பிடிச் சங்கத்துக்குத் தலைவர். வீட்டில் மானுக்கு ஒன்று, காட்டுப்பன்றிக்கு ஒன்று என்று நீளத் துப்பாக்கிகள் நிறைய உண்டு. இப்போது வேண்டியது வேறு. உள்ளங்கையில் அடங்க வேண்டும். ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது.

"அப்படி எங்கண்ணே மறைச்சு எடுத்துட்டுப் போகப்போறீங்க?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

வாண்டா மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நீ இவ்வளவு வற்புறுத்துறதால சொல்றேன்," என்று குரலைத் தாழ்த்தினார். "சர்ச்சுக்கு. பாஸ்டர் டெல்பர்ட் வீடு தேடி வந்து என் தோள்ல கை வெச்சார். 'காலம் கெட்டுக் கிடக்கு ஹார்லன். ஞாயித்துக்கிழமை தவறாம கடைசி வரிசையில உட்கார்ந்து, வர்றவன் போறவனைக் கவனிக்க ஒரு ஆள் வேணும். உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா? பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடாதீங்க'ன்னார்."

"அப்ப அண்ணிக்குத் தெரியாதா?"

"அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

வாண்டா இன்னொன்றை எடுத்தாள். அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, குண்டில்லாத அறையைக் காட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

"காலி. பார்த்துக்குங்க."

"என்னம்மா இது, பொம்மையாட்டம் இருக்கு?"

"பொம்மைன்னு நெனைக்காதீங்க. சின்னதுதான் கையை அதிகமா உதறும். உறையில போட்டு கோட்டுப் பையில வெச்சா, கட்டிப்பிடிச்சாலும் தெரியாது."

ஹார்லன் பையில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. ஒரு சபையின் உயிரே தன் பையில் இருப்பதுபோல் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரே ஒரு குறை.

"பிடி ரோஸ் கலர்ல இருக்கே? கறுப்பு இல்லையா?"

"கறுப்பெல்லாம் இந்த வாரம் வித்துப் போச்சு. உள்ள இருக்கிறது எந்தக் கலர்னு யாருக்குண்ணே தெரியப்போகுது?"

நாட்டைக் காக்கிறவன் நிறம் பார்க்கலாமா? வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆகஸ்ட் மாதம், தார்ச்சாலை இளகிக் கிடந்தது. ஹார்லன் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காததுபோல் எல்லாரையும் பார்த்தபடி சர்ச்சுக்குள் நுழைந்து, கடைசி வரிசைக்குப் போனார்.

உட்கார இடமில்லை.

லைல், ராய்ஸ், எமெட் என்று வரிசை முழுக்க அவருக்குப் பழக்கமான ஆண்கள். ஒவ்வொருவரும் குளிர்காலக் கோட்டில். வேர்வை ஆறாக ஓட, வலது கை மட்டும் பையை விட்டு நகராமல், வாசலையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஹார்லனைப் பார்த்ததும் அவர் கோட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

மேடையில் பாஸ்டர் டெல்பர்ட்டின் குரல் பெருமையில் தழுதழுத்தது.

"சகோதர சகோதரிகளே! மூணு வருஷமாக் கெஞ்சினேன், ஞாயித்துக்கிழமை ஆனா ஒருத்தரும் ஏரிக்கரையை விட்டு வரல. இன்னிக்குப் பாருங்க, நம்ம மீன்பிடிச் சங்கமே தலைவர் ஹார்லனோட மொத்தமா வந்து நிக்குது... கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"