விளாவியாச்சா

செம்பை அவன் கையில் கொடுப்பதற்குள் மரகதம் மூன்று முறை எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் துண்டு. பிறகு பயற்றமாவு. பிறகு எதற்கு எழுந்தோம் என்பதே மறந்துபோய், கதவுவரை போய்த் திரும்பினாள்.

"உக்காரு அம்மணி. தண்ணி ஆறிப்போகுது," என்றான் அருள்குமார்.

ஆறட்டும் என்று நினைத்தாள்.

வழக்கமாகப் பக்கத்து வீட்டுப் பாவாத்தாள்தான் ஊற்றுவாள். மரகதம் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, நான்கு மாத மிதுனைக் காலில் கவிழ்த்துப் போட்டுத் தேய்ப்பாள். தேய்க்கிறவளுக்கு இரண்டு கையும் வேலை. வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து விளாவவும், பதமாக ஊற்றவும் இன்னோர் ஆள் இல்லாமல் ஆகாது.

பாவாத்தாள் இன்று விடிந்ததும் பல்லடத்தில் ஒரு சீருக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அருள்குமாருக்கு மில்லில் இந்த வாரம் ரெண்டாம் ஷிப்டு. மதியம்வரை வீட்டில்தான். "நான் ஊத்தறேன்," என்று அவனாகவே சொன்னான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மில்லிலிருந்து கொண்டுவந்திருந்த கழிவுப் பஞ்சைத் திரித்து அடுப்பைப் பற்றவைத்தான்.

நான்கு வருஷமாக அவன் வாளிப் பக்கம் வந்ததில்லை. மரகதம் வரவிட்டதில்லை.

காரணம் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நாலரை வயது வர்ஷினி. கவுனின் கழுத்து ஒருபக்கம் சரிந்து, இடது தோள் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அங்கே தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டுவாள். "எங்கப்பா வெந்தண்ணி ஊத்திப்போட்டாரு," என்பாள், ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி. அருள்குமாரும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவன் அம்மா ராசாத்தாள் மட்டும் சிரிக்கமாட்டாள். "பெத்த அப்பன் பண்ற வேலையா இது? இவன் கையில சொம்பக் குடுத்தறாதே கண்ணு," என்று ஒவ்வொரு தடவையும் மரகதத்திடம் சொல்லிவிட்டுத்தான் சிங்காநல்லூரில் பஸ் ஏறுவாள்.

அப்போதெல்லாம் மரகதம் குனிந்துகொள்வாள்.

இப்போதும் குனிந்தபடியே குழந்தையைக் காலில் போட்டாள். எண்ணெய் பூசிய உடம்பு வழுக்கியது. பக்கத்தில் ஆவி பறக்கும் வாளி. குடத்தில் விளாவுவதற்காகத் தனியாகப் பிடித்துவைத்த சிறுவாணிப் பச்சைத் தண்ணீர்.

"அப்பா, தம்பிக்கும் ஊத்திப்போடாதீங்க."

"சரிங்க சாமி," என்றான் மகளிடம்.

வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள். அருள்குமார் எழுந்து போய், வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். செம்பை எடுத்தான்.

"விளாவியாச்சா?"

மரகதம் வாளியைப் பார்த்தாள்.

அன்றும் இப்படித்தான். கொதிக்கிற தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனான். திரும்பி வந்து இதையேதான் கேட்டான். அவள் வாளியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வர்ஷினி பிறந்து ஐந்து மாதம். சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது. சாப்பிட்டாயா என்றால் ம். தூங்கினாயா என்றால் ம். விளாவியாச்சா என்றதற்கும் "ம்" என்றாள்.

அவன் ஊற்றினான்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டது, யார் ஊற்றியது என்று. "நாந்தானுங்க," என்றான். விளாவினார்களா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் சொல்லிவிடுவான் என்று மரகதம் சுவரோரமாக நின்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. பதற்றத்தில் அந்த ஒற்றை 'ம்' அவனுக்கு மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். மாமியார் வந்த பிறகு சொல்லலாம், புண் ஆறட்டும், பேச்சு அடங்கட்டும். அப்புறம் அது சொல்லவே முடியாத ஒன்றாகிவிட்டது.

அவனை வாளிப் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டதெல்லாம், இந்தக் கேள்வியை அவன் மறுபடி கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

 

அருள்குமார் அவள் பதிலுக்குக் காத்திராமல் குடத்தைச் சரித்து வாளியில் ஊற்றினான். முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

"ம்-னு மட்டும் சொல்லிப்போடாதே," என்றான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு பேரும் தொட்டுப் பாத்துக்கலாம்."

குழந்தையின் முதுகில் அவள் கை அப்படியே நின்றது.

அவன் எதையும் மறந்திருக்கவில்லை.

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவோரம் பார்த்தாள்.

"கண்ணு, அன்னைக்கு அப்பா தெரியாமத்தான் ஊத்துனாரு. விளாவாத தண்ணிய விளாவியாச்சுன்னு சொன்னது அம்மா."

வர்ஷினி தோளைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "அப்பறம் நான் இனிமே யாருன்னு சொல்றது?"

"அம்மான்னே சொல்லு."

"அப்பத்தா கேட்டா மட்டும் அப்பான்னு சொல்லிப்போடுங்க சாமி," என்றான் அருள்குமார்.

செம்பில் மொண்டு, குழந்தைக்கு ஊற்றாமல், முதலில் மரகதத்தின் கணுக்காலில் ஊற்றினான்.

"சரியா இருக்குதா?"

அவள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வாளிக்குள் விட்டுப் பார்த்தாள்.