இரண்டாவது மெழுகுவர்த்தி

"ஒரே கல்லறைக்கு எதுக்கு ரெண்டு மெழுகுவர்த்தி?"

பெட்ரோல் பங்க்கிலிருந்து வண்டியை எடுத்தபடியே கேட்டாள் ஹில்க்கா.

"இருக்கட்டும்" என்றார் அவள் கணவர் ஆர்மஸ், பையை மடியில் வைத்துக்கொண்டு. அவ்வளவுதான். அந்த மனுஷனிடமிருந்து அடுத்த வார்த்தை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஆர்மஸின் சொந்த ஊரான லாபுவாவுக்குப் பயணம். அவருக்குக் கண் மங்கிப்போனதிலிருந்து ஸ்டியரிங் ஹில்க்கா கையில்தான். ஊர் போனதும் முதலில் கல்லறைத் தோட்டம், அவர் அப்பா அம்மாவுக்கு விளக்கு. பிறகுதான் அக்கா வீட்டுக் கஞ்சியும் காபியும்.

வருஷாவருஷம் இரண்டு மெழுகுவர்த்தி வாங்குவார். வருஷாவருஷம் அவளை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டுத் தனியாகத்தான் உள்ளே போவார்.

போன வருஷம் அவர் அக்கா ஒரு குண்டைப் போட்டாள். "இவனுக்குப் பேசி முடிச்சு, கல்யாணம் வரைக்கும் வந்து நின்னுபோச்சே, அந்த கெர்த்து! அவளும் அந்தத் தோட்டத்துலதான் அடக்கம், பாவம்."

விளையாட்டாகச் சொன்னாளா, ஊசி ஏற்றினாளா? அன்றிலிருந்து ஹில்க்காவின் மண்டைக்குள் குடைச்சல்.

வளைவில் சக்கரம் பனியில் வழுக்கியது. ஹில்க்கா பிரேக்கைத் தொடவில்லை. பதறாமல் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி வண்டியை நேராக்கினாள்.

"அப்பாடா! தவுனோ கத்துக்கொடுத்தது வீண் போகல. ஏரி உறைஞ்சதும் அதுமேலேயே என்னை ஓட்ட விடுவான்."

தவுனோ அவளுடைய முதல் கணவன். போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பின்லாந்தின் வடகோடியில், இனாரியில் அடக்கம். 'இந்த கிறிஸ்துமஸுக்காவது அங்கே போகலாமே' என்று கேட்டதற்கு, "அவ்வளவு தூரம் உன்னால ஓட்ட முடியாது" என்று பேச்சையே முடித்துவிட்டார் ஆர்மஸ். இப்போதும் அந்தப் பேரைக் கேட்டதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹில்க்காவுக்கு வயிறு எரிந்தது. என் தவுனோவுக்கு ஒரு வெளிச்சம் கிடையாது, இவரோட கெர்த்துவுக்கு மட்டும் வருஷம் தவறாமலா? சீ, இந்த வயசில் என்ன சந்தேகம் என்றும் தோன்றியது. ஒன்றும் பிடிபடவில்லை.

தோட்டத்து வாசலில் வழக்கமான பாட்டு. "குளிருது. நீ வண்டியிலயே இரு."

தலையாட்டினாள். அவர் உள்ளே போனதும் இறங்கிப் பின்னாலேயே நடந்தாள்.

அப்பா அம்மா கல்லறையில் ஒன்றை ஏற்றினார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு எல்லாக் கல்லறைகளையும் தாண்டிப் போய், மதிலோரம் தனியாக நின்ற பெரிய கல்லின் முன்னால் குனிந்தார். அங்கே ஏற்கெனவே கூட்டமாக மெழுகுவர்த்திகள். கல்லில் யார் பேரும் இல்லை. 'வேறு ஊர்களில் புதைக்கப்பட்டவர்களுக்கு' என்று மட்டும் இருந்தது.

காற்றில் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. ஹில்க்கா பக்கத்தில் போய்க் கையால் காற்றை மறைத்தாள். ஆர்மஸ் திருதிருவென்று முழித்தார்.

"யாருக்கு இது?"

"தவுனோவுக்கு."

"அவன் பேரை எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறியே!"

"உன்னை அங்க கூட்டிட்டுப் போக முடியலையேன்னு வெக்கமா இருக்கும். வேற என்ன பண்ணச் சொல்றே?"

"அதுக்காக இதை ஒளிச்சு ஒளிச்சு வைக்கணுமா? சரி, உனக்கும் அவனுக்கும் என்ன ஒட்டு உறவு?"

மெழுகுவர்த்தி நின்று எரிவதைப் பார்த்துவிட்டு, ஆர்மஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நன்றி சொல்லணுமில்ல, ஹில்க்கா? இந்தப் பனியில என்னைப் பத்திரமா ஊர் கொண்டுவந்து சேர்க்கறது, அவரு பழக்கிவிட்ட கைதானே."