கடலைக் காலி செய்தவர்

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! யல்லா, ஜல்தி!"

முழங்கால் தண்ணீரிலிருந்து கரைக்குத் தாவிய கார்மேகம் தொண்டை கிழியக் கத்தினார். கெண்டைக்காலில் சூடு வைத்த மாதிரி சிவப்புச் சிவப்பாய்க் கோடுகள். பெட்டி வடிவத்தில், கண்ணாடி போல, நூல் நூலாய் வாலைத் தொங்கவிட்டபடி ஜெல்லி மீன்கள் அலையோடு வந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கமெல்லாம் அது பரவுகிறது, பட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்று ஒரு வாரமாக ரூமில் இதே பேச்சுதான்.

வெள்ளிக்கிழமை. ஷார்ஜா கடற்கரை கொள்ளாத கூட்டம். 'நாம கத்துறது யாருக்குப் புரியப்போவுது?' என்றுதான் நினைத்தார்.

ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி அரபிக் குடும்பங்கள், வெள்ளைக்காரர்கள், பட்டாணியர்கள் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள்.

ரப்பர் வளையத்தில் ஒரு சிறுமி மட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

கார்மேகம் சுற்றுமுற்றும் பார்த்தார். கழுத்து முதல் கால்வரை மூடிய நீச்சல் உடையில் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். அவரைப் பிடித்து உலுக்கி, "பாப்பா! போ, தூக்கிட்டு வா!" என்று கையை நீட்டிக் காட்டினார். மறுபேச்சில்லாமல் பாய்ந்த அந்த மனிதர், சிறுமியோடுதான் திரும்பினார்.

குழந்தையின் தாய் அழுதபடி கார்மேகத்தைக் கும்பிட்டாள். கூட்டம் கை தட்டியது. யாரோ விஷம் முறிய அவர் காலில் வினிகர் ஊற்றினார்கள். வேலைத்தளத்தில் "ஏணியப் பிடிங்கடா" என்றால்கூட ஒருத்தனும் காதில் வாங்க மாட்டான். அவருக்குச் சந்தோஷத்தில் வலியே தெரியவில்லை.

அறைத்தோழன் துஷாந்தன், யாழ்ப்பாணத்துக்காரன், டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்து சேர்ந்தான்.

"பாத்தியா தம்பி! ஒரு சத்தம்தான் குடுத்தேன், கடலே காலி! வெள்ளைக்காரன்கூட சொன்னதக் கேட்டாம்ப்பா!"

துஷாந்தன் அவர் நெஞ்சையே பார்த்தான். "இந்தப் பனியன் எங்க வாங்கினீங்கள் அண்ணை?"

"நேத்து ரோலா மார்க்கெட்டுல. சல்லிசாக் கெடச்சுது. ஏன்?"

"இங்கிலீசில பெருசா 'லைஃப்கார்டு' எண்டு எழுதியிருக்கு. கடல்ல ஆக்கள் தாழ்ந்தா நீந்திப்போய்க் காப்பாத்திற காவலாளி!"

"ஆத்தாடி!" கார்மேகம் அப்படியே மணலில் உட்கார்ந்தார். "எனக்கு நீச்சலே தெரியாதேப்பா!"